ரன்னிங் டைம்

மணி என்ன ஆவுது அண்ணாச்சி?

ஒண்ணு நாப்பதா? என் போன்லயும் ஒண்ணு நாப்பதுதான் காட்டுது. சும்மாதான் கேட்டேன். ஒருவேளை என் போனு வேகமா ஓடுதோன்னு ஒரு நப்பாசை. உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பையைக் கீழ வச்சிருதேன். இந்த பஸ்ஸுல நாகர்கோவில்ல ஏறுறவங்களுக்கு சீட்டு கெடைக்காது, உங்களுக்கு யோகம். எங்க, திருநெல்வேலியா? நான் வள்ளியூர்ல எறங்கிருவேன். திருவனந்தபுரத்துல இருந்து வாரேன். ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வாரேன்.

எம் மக இன்னைக்கு ஷார்ஜா போறா. போறான்னா... போயிட்டா. போயிருக்கணும். ஒரு மணிக்கு எறங்கியிருக்கணும். நாப்பது நிமிஷம் லேட்டு அண்ணாச்சி. எறங்குனதும் அங்க ஓசி வைஃபை இருக்கும், உடனே சேதி போடுட்டின்னு படிச்சுப் படிச்சு சொல்லி விட்டேன். நான் வாட்ஸப்புல போட்ட சேதி இந்தா பாருங்க, ஒத்த டிக்கோட நிக்கி. 'எறங்கிட்டியா'. ஒத்த டிக்கு. 'எம்மா எறங்கிட்டியா'. ஒத்த டிக்கு. மாப்பிள்ளைக்குப் போட்டேன், ரெண்டு டிக்கு விழுந்துட்டு, பதிலைக் காணும்.

 

இல்ல, நீங்க சொல்லுதது சரி, ஒரு வண்டின்னா லேட்டாவும்தான். அது எனக்குத் தெரியாதா? நான் டைம் கீப்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். பஸ் ஸ்டாண்டுல கம்பி சன்னல் போட்ட ரூம் இருக்கும்லா, அதுல மைக்கும் விசிலுமா முப்பது வருஷம். எந்த வண்டி எப்ப கெளம்பணும், எங்க போயி எப்ப சேரணும், என்னை உறக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சேருற நேரத்துல இருந்து கெளம்புற நேரத்தைக் கழிச்சா ரன்னிங் டைம். அவ்வளவுதான். பஸ்ஸா இருந்தா என்ன, ஏரோப்ளேனா இருந்தா என்ன, கணக்கு ஒண்ணுதானே?

டிக்கெட்டுல தெளிவா போட்டிருக்கு. பத்தரைக்குக் கெளம்பும், ஒரு மணிக்கு சேரும். ரெண்டரை மணி நேரம். தூரம் எவ்வளவுன்னு டிக்கெட் போட்ட தம்பிகிட்ட கேட்டேன், ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்னான். வகுத்துப் பாத்தேன். மணிக்கு ஆயிரத்து நூத்தி இருபது. யம்மாடி, அந்த வேகத்துல ஒரு வண்டியில எம் பிள்ளையை ஏத்தி விடணுமான்னு அன்னைக்கே பயந்துட்டேன். வெளிய காட்டிக்கிடல. நான் பயந்தா அவ பயப்படுவாள்லா? ஏற்கெனவே போகமாட்டேன்னு ஒரே அடம்.

சின்னப்பிள்ளை, அதான். இருபத்தி மூணு முடிஞ்சிட்டு, ஆனாலும் நமக்குச் சின்னப்பிள்ளைதான். செண்பகவல்லின்னு பேரு. செம்பான்னு கூப்பிடுவோம். ஒத்தப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால வள்ளியூரை விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்குனது கிடையாது. அது கடல் தாண்டிப் போவணும்னா பயப்படத்தானே செய்யும்? "ஏட்டி, ரெண்டரை மணி நேரம்தாம்ட்டி. வள்ளியூர்ல இருந்து பஸ்ஸுல மதுரைக்குப் போறதைவிடக் கம்மி. கண்ணை மூடித் தொறந்தா ஷார்ஜா"ன்னு தெனம் சொன்னேன். சோறு திங்கும்போது சொன்னேன், பெட்டி கட்டும்போது சொன்னேன். அவ என்ன கேட்டா தெரியுமா? "வாரதுக்கு எவ்வளவு நேரம்ப்பா?"

நான் சிரிச்சிட்டேன். ஏன்னா அதையும் நான் விசாரிச்சு வச்சிருந்தேன். தொழில் புத்தி. போற வண்டியப் பத்திக் கேட்டா, வார வண்டியப் பத்தியும் கேக்கணும்லா. அதே வண்டி மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க இருந்து கெளம்புனா ஏழரைக்குத்தான் திருவனந்தபுரம் வருது. அஞ்சரை மணி நேரம்! போறதுக்கு ரெண்டரை, வாரதுக்கு அஞ்சரை. ஏன் அப்படின்னு ரெண்டு நாளு யோசிச்சேன். எதிர்காத்தா இருக்கும். நம்ம ஆரல்வாய்மொழிக் காத்துல வண்டி நகரமாட்டேங்குதுல்லா, அது மாதிரி கடல்மேல ஒரு காத்து இருக்கும். இல்லேன்னா நடுவுல எங்கயாவது நின்னு ஆள் ஏத்திட்டு வரும். அவகிட்ட சொன்னேன், "எம்மா, போறது பைபாஸ் ரைடர், வாரது கட்டவண்டி. எல்லா ஸ்டாப்பிங்கும் நின்னு நின்னு வரும். அதனால திரும்பி வார நெனப்பையே விட்டுரு." வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரியெல்லாம் சிரிச்சாளுவ. செம்பா சிரிக்கல. "அஞ்சரையா"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டா.

மணி பாருங்க. ஒண்ணு அம்பது.

அண்ணாச்சி, நீங்க ஏரோப்ளேன்ல போயிருக்கியளா? மேல போயி ஏதாவது கோளாறுன்னா ஓரமா நிறுத்த முடியாதுல்லா? அதான் எனக்கு. பஸ்ஸுன்னா ஓரங்கட்டிருவான். இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி எங்க ஸ்டாண்டுல ஒரு வண்டி. சுடலைமுத்துன்னு ஒரு டிரைவர். கெளம்புற நேரத்துல எங்கிட்ட வந்து தலையைச் சொறியுதான். "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கு, சார். மனசுக்கு சரியாப் படல." டிரைவருமாருக்கு இது பழக்கம். மனசுக்கு சரியாப் படலம்பான், வயித்துக்கு சரியில்லம்பான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு வண்டி போவாது. டைம் ஆயிட்டு, எடுடான்னு விசில் ஊதிட்டேன். ஊதிட்டேன்னா ஊதிட்டேன். அன்னைக்கு அந்த வண்டி சேரவேண்டிய நேரத்துக்குச் சேரல. கால்மணி ஆச்சு, அரைமணி ஆச்சு. அப்ப எல்லாம் போன் பண்ணிக் கேக்க ஆள் கெடைக்காது. மைக்குக்கு முன்னால உக்காந்து எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில ஒரு லாரிக்காரன் வந்து சொன்னான், வண்டி வாய்க்கால்ல கெடக்குன்னு. உசுருக்கு ஒண்ணும் சேதமில்ல, சாமி புண்ணியம். சுடலைமுத்துக்குத்தான் கால் ஒடிஞ்சிட்டு. இன்னமும் சாய்ஞ்சுதான் நடக்கான். என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவான். என்ன கோவமோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

இன்னைக்கும் அதே மாதிரி வேர்க்குது, அண்ணாச்சி. அதான் சொல்ல வந்தேன்.

ஒரு நிமிஷம். போன் அடிக்கி. ...என்ன? இல்ல, இன்னும் இல்ல. நீ வை. வந்தா சொல்லமாட்டேனா? அழாத. அழுது என்ன ஆவப்போவுது? வை.

வீட்டுக்காரி. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து அவ கண்ணுல தண்ணி வத்தல. பிள்ளையை அனுப்பாண்டாம் அனுப்பாண்டாம்னு ஒரே பல்லவி. ஏண்டின்னு கேட்டா காரணம் சொல்லமாட்டா. ரெண்டு பேருமா அடுப்பாங்கரையில குசுகுசுன்னு பேசுவாளுவ, நான் போனா நிறுத்திருவாளுவ. பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு? கட்டிக் குடுத்தாச்சு, விசா வந்தாச்சு. நாலு பேரு கேப்பான்லா, ஏன் பிள்ளை இன்னும் இங்கயே இருக்குன்னு.

மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். ஜெகதீசன்னு பேரு. அங்க ஏசி கம்பெனியில சூப்பர்வைசர். கொஞ்சம் கோவக்காரர். நான் மறைக்கல. கோவம் இருக்குற எடத்துலதான் குணம் இருக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாச லீவுல வந்தாவ. அந்த ஒரு மாசத்துல செம்பா போனு ஒடைஞ்சு போச்சு. எப்படிட்டி ஒடைஞ்சதுன்னா, அவிய கையில இருந்து தவறி விழுந்துட்டுங்கா. செவத்துல பட்டு விழுந்துச்சாம். சரி, அவிய புதுசு வாங்கித் தருவாவ, விடுன்னேன். மறுவீட்டுக்கு வந்தா, சித்திரை வெயில்ல முழுக்கை ஜாக்கெட் போட்டிருக்கா. மணிக்கட்டு வரைக்கும் கை. "ஏட்டி, இந்த வெக்கையில எதுக்கு இது?" "இப்ப இதான் பேஷன்ப்பா." எனக்கு என்ன தெரியும் பேஷனைப் பத்தி? ராத்திரி ஃபேனைக் கூட்டி வச்சு விட்டேன்.

சம்பந்தி ஒரு தமாசு பேர்வழி. ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டு உக்காந்திருக்கையில, "உங்க மக கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அடியாத மாடு படியாது பாத்துக்கிடுங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். சபையில ஒருத்தர் தமாசு சொன்னா சிரிக்கணும்லா?

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கிய?

ஆரல்வாய்மொழி வந்துட்டு. கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் எப்படிச் சுத்துது பாருங்க. இந்தக் காத்து மேல இன்னும் பலமா இருக்குமோ? நான் காலையில ஏர்போர்ட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன், பத்தே முக்காலுக்கு ஒரு வண்டி ஏறிச்சு. அதுதான்னு நெனைக்கேன். ஒரு பக்கமா சாய்ஞ்சு திரும்புச்சு பாருங்க, எனக்கு உசுரு போயிட்டு. ஒரு பக்கமா இழுக்கோன்னு.

உள்ள போறப்போ அவ என்ன செஞ்சா தெரியுமா? வாசல்ல துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கான்லா, அவன்கிட்ட டிக்கெட்டைக் காட்டி உள்ள போயிட்டா. நம்மள உள்ள விடமாட்டான். கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நிக்கேன். பெட்டியைத் தள்ளிக்கிட்டுக் கொஞ்ச தூரம் போனா, திரும்பி வந்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டா. போனைக் காதுல வச்சா. நானும் எடுத்தேன். "அப்பா, வெளிய வந்திரட்டா"ன்னா. ஒரு தடவை உள்ள போனா அவன் வெளிய விடமாட்டான்மா, டைம் ஆவுது, போன்னேன். "மனசுக்கு என்னவோ போல இருக்குப்பா." எல்லாருக்கும் அப்படித்தான்மா இருக்கும், ரெண்டரை மணி நேரம்தான், எறங்குனா மாப்பிள்ளை நிப்பாவன்னேன். அப்பவும் நிக்கா. கண்ணாடியில கையை வச்சுக்கிட்டு நிக்கா. நான் என்ன செய்ய? வெரலை மடக்கி வாயில வச்சு, ஸ்டாண்டுல ஊதுவேன்லா, அப்படி ஒரு விசில் அடிச்சேன். சின்னப்பிள்ளையில அதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பா. சிரிக்கட்டும்னுதான் அடிச்சேன். கண்ணாடிக்குள்ள கேட்டிருக்காது. ஆனா புரிஞ்சுக்கிட்டா. பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா, திரும்பல.

கடைசியா பாத்தது அவ முதுகு அண்ணாச்சி. அந்த வண்டிக்கு ஏதாவது ஆயிருந்தா நான் பாத்த கடைசி அதுதான்.

என்ன சொல்லுதிய? அங்க மணி இப்ப என்னவா? ரெண்டுதானே? இங்க ரெண்டுன்னா அங்கயும்...

பன்னெண்டரையா?

எப்படிச் சொல்லுதிய? நீங்க அங்க இருந்தவரா? அஞ்சு வருசமா! சொல்லவே இல்லையே. அங்க ஒண்ணரை மணி நேரம் பின்னாலயா? டிக்கெட்டுல போட்டிருக்குற ஒரு மணி அவனுக்கு ஒரு மணியா? அப்ப நமக்கு... ரெண்டரை. அப்ப ரன்னிங் டைம் நாலு மணி நேரம்! ரெண்டாயிரத்து எண்ணூறை நாலால வகுத்தா எழுநூறு. ஆமா. ஆமாய்யா! அதான் நியாயமான வேகம். நான் ஒரு மடையன்! முப்பது வருசம் டைம் பாத்தவன்! மாப்பிள்ளை ராத்திரி பத்து மணிக்குப் பேசும்போது இப்பத்தான் சாப்பாடு செய்யப் போறேன்பாவ, ஊரு பழக்கம் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். ஸ்டாண்டு கடிகாரம் ஒண்ணுதான் அண்ணாச்சி எனக்கு. வள்ளியூருக்கு ஒரு நேரம், திருநெல்வேலிக்கு ஒரு நேரமா இருக்கு?

அப்ப லேட்டே இல்ல. வண்டி மேலதான் வந்துக்கிட்டு இருக்கு. ஐயோ, நீங்க நல்லா இருப்பிய. இப்பத்தான் மூச்சே வருது. ஒரு நிமிஷம், வீட்டுக்காரிக்குச் சொல்லிருதேன். ...ஏட்டி, நான்தான். லேட்டு இல்லியாம். கணக்குதான் தப்பாம். ...ஆமா, ரெண்டரைக்கு. வை.

அவளுக்கு சந்தோசமே இல்ல பாருங்க. "சரி"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

அப்ப வாரதுக்கும்... இருங்க. அதும் நாலு மணி நேரம்தானா? அஞ்சரை இல்லியா? எதிர்காத்து, கட்டவண்டி எல்லாம் கெடையாதா? போற தூரம்தான் வார தூரமா.

ம்.

நான் அவகிட்ட அஞ்சரைன்னு சொல்லிட்டேனே.

சரி விடுங்க. இப்ப வரவா போறா? ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வரும்போது மாப்பிள்ளை சொல்லிக் குடுப்பாவ. பொறுப்பான ஆளு. எறங்குன உடனே பாஸ்போர்ட்டை எங்கிட்ட குடுத்துரணும், பத்திரமா நான் வச்சுக்கிடுவேன்னு இப்பமே சொல்லியிருக்காவ. மூணு தடவை போன் பண்ணிச் சொன்னாவ. இவ எங்கயாவது தொலைச்சுருவாளோன்னு அவியளுக்குப் பயம்.

அங்க இருந்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியும். அப்படி வாங்கி வச்சுக்கிடுறது பழக்கம்தானா அண்ணாச்சி?

புருசன் எதுக்கு அதை வாங்கி வைக்கணும்னு எங்கிட்ட திருப்பிக் கேக்கிய?

காவல்கிணறு தாண்டிட்டு. ரெண்டு இருபது. கண்டக்டரு நம்ம பயதான், நான் வேலை பாக்கும்போது புதுசா சேந்தவன். டிரைவரும் இன்னைக்கு டைமுக்கு ஓட்டுதான். அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? லேட்டு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. பெறவு ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தப் போனையே எடுத்துப் பாக்கேன்?  

பணகுடியில வண்டி இருவது நிமிஷம் நின்னப்போ தண்ணி வாங்கிக் குடுத்தியள்லா, நல்லா இருப்பிய. நீங்க என்ன கேட்டிய? அந்தப் பிள்ளை எதுக்குப் பயந்துச்சுன்னா? சொன்னேன்லா, கடல் தாண்டிப் போறதுக்கு. ஏரோப்ளேனுக்கு. வேற எதுக்குப் பயப்படுவா?

இல்ல... ஏரோப்ளேனுக்குப் பயமா இருக்குன்னு அவ ஒரு நாளும் சொல்லல. நெனைச்சுப் பாக்கேன். சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன்.

மணி மூணு. எறங்குனாலும் பெட்டி எடுக்க நேரம் ஆவும்னு சொன்னியள்லா. வள்ளியூர் பாலம் வந்துட்டு. நான் பையை எடுக்கணும்.

அண்ணாச்சி! ரெண்டு டிக்கு! ரெண்டு டிக்கு விழுந்துட்டு! நீலமாவும் ஆயிட்டு! எறங்கிட்டா. முருகா, எறங்கிட்டா. இந்தா, பேசி அனுப்பியிருக்கா. இதை எப்படி அமுக்கணும்? கொஞ்சம் அமுக்குங்க. சத்தமா வைங்க, காது சரியா கேக்கல.

"அப்பா, எறங்கிட்டேன். பெட்டி எடுத்துட்டேன். உள்ளதான் ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன். கதவு தொறக்கும்போதெல்லாம் வெளிய அவிய நிக்குறது தெரியுது. இன்னும் என்னைப் பாக்கல. பாஸ்போர்ட் எங் கையிலதான் இருக்கு. அப்பா, நீங்க சொன்னியள்லா, வாரதுக்கு அஞ்சரை மணி நேரம்னு. அவ்வளவுதானேப்பா? அதுக்கு மேல ஆவாதுல்லா? அஞ்சரைன்னா பரவால்லப்பா. உக்காந்து வந்துருவேன்."

இன்னொரு தடவை போடுங்க.

வேண்டாம். போட வேண்டாம்.

கண்டக்டர் தம்பி, எறங்குறேன்ப்பா, எறங்குறேன். கத்தாத. ஏய், விசில் அடிக்காத! நில்லுடா. வண்டியை நிறுத்தச் சொல்லு. ஒரு நிமிஷம். டைம் போனா போவட்டும்! என்னையவா பாக்க? ஆமா, நான்தான் சொல்லுதேன், டைம் போவட்டும். அந்தப் பிள்ளை கதவுக்கிட்ட உக்காந்திருக்குடா.

அண்ணாச்சி, பேசி அனுப்புறதுக்கு எதை அமுக்கணும்? இதைவா? அமுக்கிக்கிட்டே இருக்கணுமா? நீங்க அமுக்குங்க, நான் பேசுதேன்.

"எம்மா. அப்பாதான். அப்பா கணக்கு தப்பும்மா. அஞ்சரை இல்ல, நாலுதான். போறதுக்கும் நாலு, வாரதுக்கும் நாலு. கட்டவண்டி எல்லாம் கெடையாது. பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் குடுக்காத. நீ எந்திரிக்காத, அங்கயே இரு. அப்பா டிக்கெட் போடுதேன்."

சேதி போயிட்டா அண்ணாச்சி? எத்தனை டிக்கு? எனக்குக் கண்ணு தெரியமாட்டேங்குது, நீங்க பாத்துச் சொல்லுங்க. எத்தனை டிக்கு?